பல்லக்கா வேலைக்குப் போகும் வழி

“சைக்கிள்லயா? நீயா?”

“ஏன், எனக்குக் கால் இல்லையா?”

“கால் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு இருக்கணுமே, அது இருக்கான்னுதான் பாக்கறேன்.”

“அது உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே போச்சு. டீ ஆறுது, குடிங்க.”

சமையலறை மேஜைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் அவள். நடுவில் ரொட்டித் தட்டு. வாசற்படியில் நாத்தனார் தலையைச் சீவிக்கொண்டே, ஓசியில் நாடகம் பார்க்கிற முகத்தோடு நின்றிருந்தாள். அண்ணனும் அண்ணியும் வாயைத் திறந்துவிட்டால் அவளுக்கு ரேடியோ தேவைப்படுவதில்லை.

விஷயம் இதுதான். அவளுக்குப் பல்செட் செய்கிற வேலை. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அதிலும் முன்பல் அவள் பெஞ்சுக்குத்தான் வரும். வாய்க்குச் சொந்தக்காரரின் நிறத்துக்கு நிறம் சேர்த்து, ஒரு பல்லை மட்டும் மயிரிழை சாய்த்து வைத்து, பிறவியிலேயே முளைத்த பல் என்று சத்தியம் பண்ண வைப்பதில் அவளை விட்டால் ஆள் இல்லை. “இங்க வாய்விட்டுச் சிரிக்கிறவங்கள்ல பாதிப்பேர் என் பல்லாலதான் சிரிக்கிறாங்க” என்பாள். பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

இத்தனை வருஷமாக லேப் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. போன மாதம் அதை மூட்டை கட்டி நகரத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். புறநகரிலிருந்து ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ். இரண்டும் பெரிய பாலத்தின் மேல் ஏறி நின்றுவிடும். நின்றால் நின்றதுதான். புது இடத்துக்கு அவள் நேரத்தோடு போன நாளே கிடையாது.

முதலாளியம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். “பல்லக்கா, உங்க கை எனக்கு வேணும். ஆனா அது எட்டு மணிக்கே வேணும். நீங்க ஒன்பதரைக்கு வந்தா நான் என்ன பண்றது? டாக்டருங்க போன் மேல போன். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன். அப்புறம் அந்த பெஞ்சுல வேற ஆளை உக்கார வச்சிடுவேன். கோச்சுக்காதீங்க.”

கோபம் ஒன்றும் வரவில்லை. ஆனால் தன் பெஞ்சில் இன்னொருத்தி உட்கார்ந்து, எல்லாப் பல்லையும் சுவர் எழுப்புகிற மாதிரி ஒரே வரிசையாக அடுக்கி வைப்பதை நினைத்தாலே பல்லக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் சைக்கிள் ஞாபகம் வந்தது.

“உனக்குத் தெரியாது” என்றார் வீட்டுக்காரர். டீயை அவர் தொடவே இல்லை. “நான் லாரியில மேல உக்காந்து ஓட்டறவன். சைக்கிள் பக்கத்துல வந்தா எங்களுக்குத் தெரியறதே இல்ல. திடீர்னு மூக்குக்கு முன்னால ஒரு தலை முளைக்கும். பிரேக்கை மிதிச்சிட்டு, ஓரமா நிறுத்தி, ஒரு பாட்டில் தண்ணியும் தீர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன். அந்தத் தலை உன் தலையா இருக்கணுமா?”

பல்லக்கா ரொட்டித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். லாரி ஓட்டுகிற அந்த மனுஷரின் கோபத்தை அவளால் ஒரு சிரிப்பில் கரைத்துவிட முடியும். இது கோபம் இல்லை, பயம். பயத்தோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை. அதற்குக் கண்முன்னால் ஒன்றைக் காட்ட வேண்டும். 

“சரி. பெரிய ரோடு வேண்டாம். வேற வழி கண்டுபிடிக்கிறேன்.”

“எங்க இருக்கு வேற வழி?”

“தேடினாத்தானே தெரியும்?”

“தேடு. நல்லாத் தேடு. நான் ஒரு நாள் லீவு போட்டு உன்கூட முழு வழியும் வருவேன். ஒரே ஒரு இடம், லாரிக்காரனா எனக்கு அடிவயிறு கலங்கற ஒரே ஒரு இடம் இருந்துச்சுன்னாலும் சைக்கிளும் இல்ல, டவுனும் இல்ல. சம்மதமா?”

“அப்படி ஒரு இடம்கூட இல்லேன்னா?”

“இருக்கும்.”

“இல்லேன்னா?”

“போயிக்கோ.”

“கேட்டுக்கிட்டியாடி? நீதான் சாட்சி” என்றாள் நாத்தனாரிடம்.

“நான் யார் பக்கமும் இல்ல அண்ணி” என்றாள் அவள், சீப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு. “ஆனா என் சைக்கிள் உங்க பக்கம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் கிளம்பினார்கள். நாத்தனாரின் சைக்கிள் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழையது ஒன்று. முதலில் நுழைந்த சந்து ஒரு வீட்டுக் கொல்லையில் போய் முடிந்தது. அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், “யாரு வேணும்?” என்றாள்.

“டவுன் வேணும்” என்றாள் நாத்தனார்.

“இங்க இல்லையே” என்றாள் அந்த அம்மாள், ரொம்பப் பொறுப்பாக.

இன்னொரு வழி சுரங்கப்பாதைக்குள் இறங்கியது. உள்ளே முழங்கால் தண்ணீர். கடைசியில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு ரோடு அகப்பட்டது. அடேயப்பா! கூடம் மாதிரி அகலம், கழுவிவிட்ட மாதிரி சுத்தம். ஒரு பூனை நடு ரோட்டில் மல்லாந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பல்லக்கா ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து வீசிப் பார்த்தாள்.

“அண்ணி, சின்னப் பொண்ணுன்னு நினைப்பா?”

“பேசாம வாடி. ரோடுன்னா இதுதான் ரோடு. உங்கண்ணன் எங்கிட்ட இன்னைக்கு மன்னிப்புக் கேக்கப் போறார்.”

திங்கட்கிழமை காலை அவள் தனியாக அதே வழியில் போனாள். பூனை இருந்த இடத்தில் ஒரு டிரெய்லர் நின்றது. அதன் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. இரண்டு பக்கமும் கதவுகள் திறந்து, வண்டிகள் பின்வாங்குவதும் முன்னேறுவதுமாக, ரோடு என்று ஒன்று இருந்த சுவடே காணோம். பல்லக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி வெளியே வந்து, அதை ஒரு கடையோரம் பூட்டிவிட்டு பஸ்ஸைப் பிடித்து, வழக்கம்போலத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார முடியாமல் சிரித்தார்.

“லாரிக்காரன் பொண்டாட்டி! லாரிக்கு ஞாயித்துக்கிழமை லீவுன்னு தெரியாம, கிடங்குத் தெருவுல போய் வழி பாத்திருக்கா!”

“நீங்க இங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. அதான் அங்க ரோடு காலியா இருந்துச்சு. என் புத்திக்கு அது எட்டல.”

“ஞாயித்துக்கிழமை எல்லா ரோடும் நல்ல ரோடுதான். படுத்துத் தூங்கும். வார நாள்ல எழுப்பிப் பாரு, கடிக்கும்.”

“பாக்கறேன். நாளைக்கே எழுப்பிப் பாக்கறேன்.”

மறுநாளிலிருந்து அவள் ரோட்டைத் தேடவில்லை, சைக்கிளைத் தேடினாள். பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் முனையில் நின்றுகொண்டு, அந்த நேரத்துக்கு யார் யார் சைக்கிளில் போகிறார்கள், எங்கே திரும்பிக் காணாமல் போகிறார்கள் என்று பார்த்தாள். பால் பாட்டில் கூடையோடு ஒருத்தர். தோட்ட வேலைக்காரர் ஒருத்தர், மண்வெட்டியைக் கேரியரில் கட்டியபடி. பிறகு ஒரு தபால்காரர். அவர் பெரிய ரோட்டின் பக்கமே எட்டிப்பார்க்காமல் தண்டவாளத்தை நோக்கிப் போவதைக் கண்டதும் துரத்திப் பிடித்தாள்.

“ஐயா, ஒரு நிமிஷம்.”

“உங்களுக்குத் தபால் எதுவும் இல்லையேம்மா.”

“தபால் வேண்டாம், வழிதான் வேணும். தண்டவாளத்தை எப்படித் தாண்டறீங்க?”

“நடைபாலம் இருக்கே. படியோரத்துல சைக்கிள் தள்ளறதுக்குச் சரிவு போட்டு வச்சிருக்காங்க. போடும்போது ஊரே சிரிச்சுது, யார் இதுல தள்ளுவான்னு. இப்ப நான் ஒருத்தன்தான் தள்ளறேன்.”

“இனிமே ரெண்டு பேர்.”

“ஏறும்போது மூச்சு வாங்கும்.”

“எனக்குப் பேச்சே மூச்சுதான் ஐயா, பழகிடும்.”

நடைபாலத்துக்கு அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துச் சந்து. பிள்ளைகளுக்காக அங்கே கார்களே ஊர்ந்துதான் போகும். அப்புறம் ஆஸ்பத்திரியின் பின்சுவர். அப்புறம் வாய்க்கால் கரையோடு ஒரு நீளத் தெரு. அதன் முடிவில் நகரமே வந்துவிடுகிறது. பல்லக்கா அந்த வாரம் முழுக்க, வேலை நாளில், வேலை நேரத்தில் அந்த வழியில் போய்ப் பார்த்தாள். வழி பழகப் பழக நேரமும் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை லேப்பில் முதல் ஆளாக அவள்தான் போய் விளக்கைப் போட்டாள்.

வாய்க்கால் தெருவில் ஓர் இடம் வந்தால் மட்டும் அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மாதத்தின் கடைசி வாரம் வீட்டுக்காரர் லீவு போட்டார். நாத்தனாரின் சைக்கிளில் ஏறினார். முன்னால் பூப்போட்ட கூடை, இளம்பச்சை மணி. லாரிக் கதவு அளவுக்கு இருக்கிற ஆள் உட்கார்ந்ததும் சைக்கிள் ஒரு முறை முனகியது.

“அண்ணே, கூடையை மட்டும் உடைச்சிடாதே.”

“நான் உடையாம இருக்கேனான்னு முதல்ல பாரு.”

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. சந்து முனைகளில் மட்டும் நின்று நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்தார். நின்ற இடத்தில் லாரி வந்தால் எப்படி வரும் என்று கையால் காற்றில் ஸ்டீயரிங் பிடித்து வளைத்துப் பார்த்தார்.

“இது?” என்றாள் பல்லக்கா தண்டவாளத்துக்குப் போகும் தெருவில்.

“பரவாயில்ல.”

“இது?”

“ம்.”

“வாயைத் திறந்து சொன்னா என்ன? முத்து உதிர்ந்திடுமா? உதிர்ந்தாலும் நான் கட்டித் தர்றேன்.”

“இது நல்லாத்தான் இருக்கு. போதுமா?”

நடைபாலத்துச் சரிவில் அவர் சைக்கிளைத் தள்ளவில்லை. சைக்கிள்தான் அவரைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிச் சுவர் தாண்டும்போது அவர் சீட்டி அடிக்கவே ஆரம்பித்துவிட்டார். பல்லக்காவுக்கு மனசு குளிர்ந்தது. இனி ஓர் இடம்தான்.

வாய்க்கால் தெருவில் பாதி தூரம் போனதும் அவள் இறங்கினாள்.

“ஏன் இறங்கற?”

“சும்மாதான்.”

“சும்மாவா? இவ்வளவு தூரம் இறங்கல, இங்க ஏன்?”

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. வந்த லாரி இவர்களுக்கு வழி விடுகிற மாதிரி எதிர்ப்பக்கமாக ஒதுங்கியது. ஒதுங்கிய வேகத்தில் மூக்கைத் திருப்பி, இந்தப் பக்கம் இருந்த ஒரு இரும்பு கேட்டுக்குள் நுழைந்தது. இரட்டைக் கதவு கேட். ஒரு கதவுதான் திறந்திருந்தது. அந்தப் பாதி இடுக்கில் உடம்பை நுழைத்துக்கொண்டு போகும்போது அதன் பின்சக்கரங்கள் சாலையோரத்தை அப்படியே வழித்துக்கொண்டு போயின. பல்லக்கா இறங்காமல் ஓட்டியிருந்தால் நேரே அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான் இருந்திருப்பாள்.

வீட்டுக்காரரின் சீட்டி நின்றுபோயிருந்தது.

“இதான்” என்றார். குரலே வேறாக இருந்தது. “இந்த இடம்தான். அவன் ஒதுங்கறது வழி விடறதுக்கு இல்ல, இந்தப் பாதி இடுக்குல திரும்பறதுக்கு. சைக்கிள்காரங்க வழி விடறான்னு நினைச்சு உள்ள நுழைவாங்க. அந்த நேரத்துல கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போலாம்.”

“ஒரு நிமிஷம். இது யார் கேட்டு?”

அவர் அண்ணாந்து பார்த்தார். சொந்த வண்டியில் முன்கேட் வழியாக வருகிறவர், இந்தத் தெருவை எப்போதும் லாரியின் உயரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். தரையிலிருந்து பார்க்க அடையாளமே தெரியவில்லை. மெதுவாக, “எங்க டிப்போ பின்கேட்டு” என்றார்.

“இப்ப உள்ள போனது?”

“எங்க வண்டி.”

“ஓட்டிட்டுப் போனது?”

“சீப்பு.” எந்நேரமும் தலை வாரிக்கொண்டிருக்கிற சக டிரைவருக்கு டிப்போவில் அதுதான் பெயர். “இது எங்க கேட்டுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“வண்டி நிறத்தைப் பாத்தாத் தெரியாதா? சொல்லியிருந்தா நீங்க பாக்கவே வந்திருக்க மாட்டீங்க.”

“தெரிஞ்சும் கூட்டிட்டு வந்தியா? அதெல்லாம் சரி, பேச்சு பேச்சா இருக்கணும். ஒரு இடம்னு சொன்னேன், ஒரு இடம் இருக்கு.”

“இடத்து மேல என்னங்க தப்பு? ரோடு பாட்டுக்கு நேரா கிடக்கு. வளைஞ்சு நெளிஞ்சு வர்றது உங்க ஆளுங்கதானே? இன்னும் நேரம் இருக்கு, வாங்க.”

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் கேட்டுக்குள் நடந்தாள். அவர், “ஏய், நில்லு. ஏய்!” என்று பின்னாலேயே வந்தார். கேட்டருகே முக்காலியில் உட்கார்ந்திருந்த காவல்கார அம்மாள் எழுந்தாள். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பினார்கள். சீப்பு லாரியிலிருந்து குதித்து, இறங்கியதும் இறங்காததுமாகத் தலையைத் தடவிக்கொண்டான்.

“அண்ணே! லீவு போட்டுட்டு டிப்போவுக்கே வந்துட்டீங்களா? வெளிய யாருது அந்தப் பூக்கூடை சைக்கிள்?”

“வாயை மூடுறா.”

“உங்களுதா? பெரிய வண்டிக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லவே இல்லையே!”

டீக் கிளாஸ்கள் குலுங்கச் சிரித்தார்கள். பல்லக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காவல்கார அம்மாளிடம் கேட்டாள்.

“அம்மா, இந்த ஒரு கதவு ஏன் மூடியே இருக்கு? பூட்டு ரிப்பேரா?”

“பூட்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. திறந்தா இடிக்கும்.”

“எது மேல?”

காவல்கார அம்மாள் மூடிய கதவின் பின்பக்கத்தைக் காட்டினாள். சுவர் நிழலும் கதவு நிழலும் சேர்ந்து அங்கே ஜில்லென்று ஒரு மூலை. அந்த மூலையில் டிரைவர்களின் சொந்த ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும் மாட்டுக்கொட்டிலில் கட்டிய மாடுகள் மாதிரி வரிசையாக நின்றன. கதவு திறக்க வேண்டிய இடம் முழுக்க அவைதான். சுவரை ஒட்டி, நல்ல நிழலில், ஒரு வண்டிக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

“அது ஏன் காலி?”

“அது அண்ணனோட இடம்” என்றான் சீப்பு, யோசிக்காமல். “அங்க வேற யாரும் விட மாட்டோம். நிழல்ல விடலாம்னு முதல்ல கண்டுபிடிச்சதே அண்ணன்தானே!”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு அண்ணன் முகம் தெரிந்தது.

பல்லக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். வீட்டில் என்றால் இந்நேரம் விட்டு வாங்கியிருப்பாள். ஆனால் மனுஷர் அந்தக் காலி இடத்தையும் திறந்திருந்த பாதிக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. அதனால் சும்மா இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரியும்.

“வண்டியை எல்லாம் எடுங்கடா” என்றார்.

“அண்ணே, அந்தப் பக்கம் வெயில்ணே. சீட்டு கொதிக்கும்.”

“உக்காந்து ஆத்திக்கோ.”

“மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” என்றாள் காவல்கார அம்மாள்.

“கதவுன்னா திறக்கும்னு சொல்லுங்கம்மா” என்றாள் பல்லக்கா. “அதுக்கும் மேல கேட்டா என் வீட்டுக்காரரைக் காட்டுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே வண்டிகளை வெயிலுக்குத் தள்ளினார்கள். கதவின் கீழே புல் முளைத்திருந்தது. கீல் துருப்பிடித்துப் பிடிவாதம் பண்ணியது. சீப்பு எங்கிருந்தோ கிரீஸ் கொண்டுவந்து அப்பினான். எல்லோரும் தோள் கொடுத்துத் தள்ள, அது நாய்க்குட்டி மாதிரி கத்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் சுவரில் போய் மோதி நின்றது. முழு கேட்டும் திறந்ததும் தெரு பாதி டிப்போவுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

“இப்பச் சரியா?” என்றாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.” அவர் சீப்புவிடம் கையை நீட்டினார். “சாவியைக் குடு.” பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். “நீ தெருக்கோடிக்குப் போ. எப்பவும் எப்படிப் போவியோ அப்படியே வா. இறங்காதே. என்னைத் திரும்பிப் பாக்காதே. நான்னு நினைக்காதே, எவனோ ஒருத்தன் வர்றான்னு நினைச்சுக்கோ.”

“எவனோ ஒருத்தன் சரியா ஓட்டுவானா?”

“ஓட்டலேன்னா வீட்டுல இருப்பே.”

தெருக்கோடியிலிருந்து அவள் மிதிக்க ஆரம்பித்தாள். வாய்க்கால் தண்ணீர் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். லாரியின் சத்தம் முதுகுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டே வந்தது. கால் தானாக இறங்கப் பார்த்தது. அதை பெடலிலேயே வைத்து அழுத்தினாள். கேட் நெருங்கியது. லாரி இந்த முறை எதிர்ப்பக்கம் ஒதுங்கவில்லை. அவளுக்கு இணையாக நேராக வந்தது, கேட்டுக்கு முன்னால் வேகம் குறைந்து, பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு பிரேக் சத்தத்தோடு நின்றது. அவள் திறந்த கேட்டைத் தாண்டி, லாரியின் மூக்குக்கு முன்னால் வந்தபிறகுதான் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.

ஜன்னலில் அவர் தலை நீண்டது.

“தெரியறே” என்றார்.

“எவ்வளவு?”

“முழுசா. செருப்பு வார் அறுந்திருக்கிறது வரைக்கும் தெரியுது.”

“அடிவயிறு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை. “கலங்கல” என்றார். “நாளைக்கு எவனாவது அந்த மூலையில வண்டியை விட்டான்னா, அதை நானே தூக்கி வாய்க்கால்ல போடறேன். என் வண்டியா இருந்தாலும் சரி.”

“அப்ப நான் போகட்டுமா?”

“எட்டு மணிக்கு பெஞ்சுல இருக்கணுமாமே, இங்க நின்னு எங்கிட்ட என்ன பேச்சு?”

பல்லக்கா பெடலை மிதித்தாள். லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றிருந்தது. அது ஒரு முறை ஹாரன் அடித்தது. இரண்டாவது முறை நீளமாக அடித்தது.

“யோவ்! உள்ள போறியா, இல்ல வெளிய நிக்கிறியா? நடு ரோட்டுல என்னய்யா பண்ற?”

“இருய்யா” என்று வீட்டுக்காரர் கத்துவது வாய்க்கால் திருப்பம் வரைக்கும் அவளுக்குக் கேட்டது. “என் வீட்டுக்காரி வேலைக்குப் போறா!”